கிரின்ஸ்டெட்டில் இருந்த கனடா

டென்மார்க்கின் யூலன்ட் பகுதி முழுவதும் உள்ள தமிழ்ச் சனங்களுக்கு எங்கள் அப்பாவைத் தெரியும். யாருக்காவது வருத்தம் என்று கேள்விப்பட்டால் முதல் ஆளாகப் போய் நிற்பவர் அவர்தான். கையில் ஒரு பை தோடம்பழம் இருக்கும். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஒண்டுக்கும் யோசியாதையும். என்ர பெரியம்மான்ர மகனுக்கும் இதே வருத்தம்தான் வந்தது" என்று தொடங்குவார். அந்தப் பெரியம்மா மகனின் கதை செத்தவீட்டில்தான் போய் முடியும். ஹொல்ஸ்டெப்ரோவில் பித்தப்பைக் கல் எடுத்த ஒருவர், அப்பா வந்து போன பிறகு மனைவியைக் கூப்பிட்டு வீட்டுப் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டினாராம். அவர் இன்றைக்கும் கல்லுப்போல இருக்கிறார். அப்பாவைக் கண்டால் மட்டும் மற்றப் பக்கம் திரும்பிப் போகிறார்.

ஆகவே தனக்கே வருத்தம் வந்தபோது, பார்க்க வருகிறவர்கள் என்னென்ன செய்வார்கள் என்று யாரும் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா காலமான பிறகு அப்பா கிரின்ஸ்டெட்டில் எங்களோடுதான் இருக்கிறார். நான், என் கணவர், பதினைந்து வயது மகள். வருத்தம் பிடிபட்டதே மகளால்தான். இந்த நாட்டில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்கம் இடையிடையே ஒரு சிறு பொதி அனுப்பும். உள்ளே ஒரு குழாயும் குச்சியும் இருக்கும். மலத்தில் கொஞ்சம் எடுத்து அடைத்துத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். குடலில் கோளாறு இருந்தால் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்பா அதைத் தொடவே மாட்டார். "இவ்வளவு காலம் வரி கட்டினது காணாதாமோ? இதையும் அனுப்பட்டாமோ?" என்று அலமாரிக்குள் எறிந்துவிடுவார். மகள் அதைத் தேடி எடுத்துக் குளியலறைக் கதவில் ஒட்டிவிட்டு, அனுப்பும் வரை அம்மப்பாவோடு கதைக்க மாட்டேன் என்று டேனிஷில் அறிவித்தாள். அப்பாவால் பட்டினி கிடக்க முடியும், கதைக்காமல் இருக்க முடியாது. அடுத்த நாளே பொதி தபாலுக்குப் போனது.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. கமரா விட்டுப் பார்த்தார்கள், புற்றுநோய் என்றார்கள், குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். மருத்துவர் பெண் என்னைப் பார்க்காமல் நேராக அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். கட்டி போய்விட்டது, ஆனால் பக்கத்தில் சில நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருந்தது, அதனால் குளிர்காலம் முழுவதும் கீமோ எடுக்க வேண்டும், இடையில் விடாமல் எடுத்து முடித்தால் அது திரும்பி வராமலிருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்றார். நான் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அப்பா மருத்துவருக்கு நன்றி சொல்லிக் கைகொடுத்துவிட்டு எழுந்தார். காரில் ஏறி இருந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"பிள்ளை, ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது."

"ஏனப்பா?"

"வந்திடுவாங்கள்."

எங்கள் ஆட்களிடம் இந்தப் பழக்கம் புதிதல்ல. காய்ச்சல் என்றால் ஊருக்கே சொல்வோம், புற்றுநோய் என்றால் அதன் பெயரையே சொல்ல மாட்டோம். ஆனால் கிரின்ஸ்டெட் சின்ன இடம். இருக்கிற நாலு தமிழ்க் குடும்பத்துக்கும் ஒரே கடைதான். ஒரு மனிதரைக் குளிர்காலம் முழுவதும் எப்படி மறைப்பது? அப்பா அதற்கும் வழி வைத்திருந்தார். அண்ணா கனடாவில் இருக்கிறார் அல்லவா? அப்பா மகனைப் பார்க்கக் கனடாவுக்குப் போய்விட்டார், பனி உருகினால்தான் வருவார். இதுதான் நாங்கள் எல்லாரும் சொல்லவேண்டிய பொய். எனக்கு மூக்கின் மேல் கோபம். "வருத்தக்காரனுக்கு வேலையைப் பார், இப்ப நாடகம் ஒண்டுதான் குறை" என்று கத்தினேன். பிறகு கோயிலில் முதலில் கேட்டவரிடமே அந்தப் பொய்யை அச்சுப் பிசகாமல் சொன்னேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. உண்மையைச் சொன்னால், பொய் சொல்லத் தொடங்கிய பிறகு அப்பாவுக்குப் பசி கூடியது. காலையில் எழுந்து ரொரண்டோவில் என்ன காலநிலை என்று பார்ப்பார். தொலைபேசி வந்தால் ஒரு விநாடி பொறுத்து, தூரத்தில் இருப்பவர்போலச் சத்தமாகக் கதைப்பார். வீடியோவில் கூப்பிட்டவர்களுக்காக மகள் பின்னணியில் ரொரண்டோ கட்டடங்களைப் போட்டுக்கொடுத்தாள். அப்பா தலையை ஆட்டினால் ஒரு காது காணாமல் போய்விடும். "அங்கிள், உங்கட காது எங்க?" என்று ஒருவர் கேட்டதற்கு, "இஞ்ச அவ்வளவு குளிர் தம்பி" என்று சொல்லிச் சமாளித்தார்.

பொய்யால் சில்லெடுப்பும் தொல்லையும் வந்தன. ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு அன்ரி, வரும்போது ஒரு சேலை வாங்கிவரச் சொன்னார். நிறம், கரை எல்லாம் விளக்கமாகச் சொன்னார். இன்னொருவர் தன் மகளுக்கு ஸ்காபரோவில் ஒரு மாப்பிள்ளை பேச்சு வந்திருப்பதாகவும், அப்பா அங்கேதானே நிற்கிறார், பெடியனை நேரில் பார்த்து விசாரித்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும் என்றும் கேட்டார். அப்பா ஓம் என்றுவிட்டார். அண்ணா பாவம், வேலை முடிந்து பனிக்குள் காரை ஓட்டிப்போய், அந்தப் பெடியன் வேலைசெய்யும் கடையில் தேவையில்லாத ஒரு மின்விளக்கை வாங்கிக்கொண்டு அவனைப் பார்த்துவிட்டு வந்தார். "நல்ல பெடியன். தலைமயிர்தான் கொஞ்சம் கொட்டுப்பட்டிருக்கு" என்று அப்பா இங்கே தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு அறிக்கை கொடுத்தார். அந்தக் கலியாணம் சரிவந்துவிட்டது. சேலையும் விமானத்தில் வந்து சேர்ந்தது.

ஆனால் மருந்து உடம்பில் சேரச் சேர ஆட்டம் குறைந்தது. அப்பாவுக்கு ஏற்றிய மருந்துக்கு ஒரு விசித்திரக் குணம். குளிர்ந்த எதையும் தொடக்கூடாது. தொட்டால் விரல்களில் ஊசி குத்தும், குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும். டென்மார்க்கின் குளிர்காலத்தில் கொடுப்பதற்கு இவர்களுக்கு வேறு மருந்து கிடைக்கவில்லையா என்று எனக்குக் கோபமாக வந்தது. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க அப்பா பனிக் கையுறை போட்டுக்கொள்வார். பால் எடுக்கப் போகிறவர் பனிச்சறுக்குக்குப் போகிறவர்போல இருப்பார். வெளியே போகவும் முடியாது, கனடாவில் அல்லவா இருக்கிறார். திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, அதற்குப் பின்னால் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நாக்கும் கெட்டுப்போனது. எதைத் தின்றாலும் இரும்பைச் சப்புவதுபோல இருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண், எல்லாவற்றிலும் கிரீம் ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். சொதியில் ஊற்றினேன், சோற்றில் ஊற்றினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒருநாள் மீன் குழம்பிலும் ஊற்றினேன். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "இதைத் திண்டு உயிர் வாழுறதிலும் பாக்க..." என்று தொடங்கினார். நான் முறைத்ததும் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார், குழம்பை அல்ல, வசனத்தை.

ஒவ்வொரு முறையும் மருந்து ஏற்றுவதற்கு முன் நிறை பார்ப்பார்கள். அப்பா இரண்டு சுவெட்டர் போட்டு, சப்பாத்தோடு தராசில் ஏறப் பார்த்தார். உயரமான ஒரு தாதி, சிரிப்புக்காரி, ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார். கழற்ற வேண்டியவை எல்லாம் கழன்ற பிறகு தராசில் நின்றது என் அப்பாவின் பாதி. தாதி சிரிக்கவில்லை. இன்னும் மெலிந்தால் மருந்தைத் தாங்க உடம்பில் பலம் இராது, அடுத்த மருந்தை நிறுத்திவைக்க வேண்டி வரும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: "நிப்பாட்டட்டும் பிள்ளை. போதும், எனக்கும் காணும்."

"என்ன காணும்?"

"இந்த மருந்து, இந்தக் கிறீம், இந்த யன்னல். எல்லாம் காணும்."

நான் முதியோர் இல்லத்தில் வேலைசெய்கிறவள். சாப்பிட மறுக்கும் எத்தனையோ பேரைச் சிரித்துப் பேசி ஊட்டிவிட்டிருக்கிறேன். என் அப்பாவிடம் அந்தப் பொறுமை எங்கே போனதோ தெரியாது. "அம்மா போனது காணாதே? நீங்களும் போகப் போறீங்களோ?" என்று கத்திவிட்டு, சமையலறைக்குள் போய்ப் பானைகளை உருட்டினேன். பயத்தில்தான் கத்தினேன். அது அப்பாவுக்கும் தெரியும். என் கணவர் இடையில் புகுந்து, அடுத்த முறை மட்டும் போய்ப் பாருங்கள், பிறகு உங்கள் விருப்பம் என்று ஒரு சமாதானம் செய்துவைத்தார். "கடைசித் தரம்" என்று அப்பா விரலை நீட்டிச் சொன்னார்.

டிசம்பர் நத்தார் விடுமுறையால் எங்கள் நாள் வியாழக்கிழமைக்கு மாறியிருந்தது. அந்தக் கடைசித் தரத்துக்கு நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். மருந்து ஏற்றும் அறையில் சாய்கதிரைகள் வரிசையாக இருக்கும். இடையிடையே திரை. அப்பா கையில் ஊசியோடு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தார். என்னோடு கதை இல்லை. கொஞ்ச நேரத்தில் அலுப்புத் தாங்காமல் தொலைபேசியை எடுத்தார்.

அப்பாவுக்கு ஹோர்சன்ஸில் ஒரு கூட்டாளி இருக்கிறார். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள், அன்றிலிருந்து சீட்டுக் கடதாசி விளையாட்டில் ஒருவரையொருவர் ஏமாற்றி வருகிறவர்கள். அந்தக் குளிர்காலம் மாமா லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கனடாவிலிருந்து அப்பாவும் லண்டனிலிருந்து மாமாவும் கிழமைக்கு இரண்டு தரமாவது கதைப்பார்கள். "அவன் அங்க பேரப்பிள்ளையளோட நல்லாத் திண்டு குடிச்சு இருக்கிறான்" என்று அப்பா பொறாமைப்படுவார்.

அப்பா எண்ணை அழுத்தினார். திரைக்கு அந்தப் பக்கம் நாதஸ்வரம் ஒலித்தது.

எனக்கு உடனே விளங்கவில்லை. இந்த டேனிஷ் ஆஸ்பத்திரியில் யாருக்குக் கலியாணம் என்றுதான் முதலில் நினைத்தேன். நாதஸ்வரம் நின்றது.

"ஹலோ," என்றது திரை.

"ஐசே, நான்தான். இஞ்ச விடியக்காலமை. நித்திரை வரேல்லை, அதான் எடுத்தனான்," என்றார் அப்பா, கனடாக் குரலில்.

"இஞ்ச லண்டனில ஒரே மழை ஐசே," என்றது திரை. அதே வசனம் அப்பாவின் காதிலிருந்த தொலைபேசியிலும் கேட்டது.

அப்பா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எழுந்து திரையை விலக்கினேன். கம்பளித் தொப்பி, கம்பளிக் கையுறை, கையில் ஊசி, காதில் தொலைபேசியோடு மாமா இருந்தார். பாதியாகிப்போன இன்னொரு மனிதர். இரண்டு பேரும் தொலைபேசியை வைக்க மறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரொரண்டோவில ஆஸ்பத்திரி பரவாயில்லை," என்றார் மாமா கடைசியில்.

அப்பா சிரிக்கத் தொடங்கினார். மாமாவும் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருவருக்கும் இருமல் வந்து, மருந்து ஏற்றும் இயந்திரங்கள் இரண்டும் கீக்கீ என்று கத்தி, சிரிப்புக்காரத் தாதி ஓடிவந்தார். அப்பா தான் தொழிற்சாலையில் பழகிய டேனிஷில், இடையிடையே தூஷணமும் கலந்து, முழுக் கதையையும் விளக்கினார். தாதி அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மாமா ஏன் மறைத்தாராம்? "உங்கட கொப்பர் தோடம்பழத்தோட வந்திடுவார் எண்டு பயம் பிள்ளை" என்று என்னிடம் சொன்னார்.

அதோடு கடைசித் தரம் என்ற பேச்சு நின்றுபோனது. தாதி இருவருக்கும் ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்துக் கதிரையாக ஒழுங்குசெய்து கொடுத்தார். வியாழக்கிழமை என்றால் அப்பா விடியக் கருக்கலிலேயே குளித்து வெளிக்கிட்டு நிற்பார். மாமி, மாமாவின் மனைவி, சுடுகலத்தில் மீன் சொதியும் இடியப்பமும் கட்டிக் கொடுத்துவிடுவார். நான் கிரீம் இல்லாத புட்டு அவித்துக்கொண்டு போவேன். இரண்டு பேரும் சாப்பாட்டிலும் போட்டி போட்டார்கள். "உமக்கு ஏலாட்டிச் சொல்லும், நான் திண்டுகாட்டுறன்," என்பார் மாமா. அப்பாவுக்குத் தோற்கப் பிடிக்காது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். அடுத்த முறை தராசு ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. அதற்கடுத்த முறை கொஞ்சம் ஏறியது. நான் கழிப்பறைக்குள் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன், இந்த முறை சந்தோஷத்தில்.

என்னை அங்கே இருக்க விடமாட்டார்கள். "நீ போய்க் கோப்பி குடி பிள்ளை, எங்களுக்குக் கதை கிடக்கு," என்று விரட்டிவிடுவார்கள். நானும் கீழே சிற்றுண்டிச்சாலையில் இருந்துவிட்டு, முடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போவேன். மாமா மெலிந்துகொண்டே வருவது தெரிந்தது. மருந்து அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலிகளில் பச்சை தலைகாட்டிய ஒரு வியாழக்கிழமை அப்பாவின் கடைசி மருந்து, இந்த முறை உண்மையான கடைசி. நான் மேலே போகும்போது மாமி மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்றார். மாமாவை ரயிலில் தனியே விடப் பயமாக இருந்ததால் கூடவே வந்தேன் என்றார்.

"மாமாவுக்கு இன்னும் எத்தினை மருந்து இருக்கு மாமி?" என்று கேட்டேன்.

மாமி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"உமக்குத் தெரியாதே? அவருக்கு மருந்து வேலைசெய்யேல்லை எண்டு தை மாதத்தோட நிப்பாட்டிப் போட்டினம். இனி ஒண்டும் செய்யேலாதாம். வீட்டில கிடவுங்கோ எண்டால் கேக்கிறாரில்லை. வியாழக்கிழமை எண்டால் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டிடுவார். 'நான் போகாட்டி அவன் சாப்பிடமாட்டான்' எண்டு ஒரே பிடிவாதம்."

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், சொல்வதா விடுவதா என்று யோசித்து யோசித்து, கடைசியில் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் பிள்ளை," என்றார் அப்பா, வயல்களைப் பார்த்துக்கொண்டு.

"தெரியுமோ? எப்பயிருந்து?"

"அவன்ர கையில ஊசி இல்லை. போர்வையால மூடிக்கொண்டு, எனக்கு வெள்ளன ஏத்திப்போட்டினம் எண்டான். கடதாசி விளையாட்டில அவன் பொய் சொல்லேக்க மூஞ்சை எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சும் ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டால் வராமல் விட்டிருப்பான். அவனுக்கும் வாறதுக்கு ஒரு இடம் வேணும்தானே." பிறகு, "ரோட்டைப் பார்த்து ஓடு," என்றார். நான் காரை ஓரமாக நிறுத்தி அழுதேன். அப்பாவும் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு அன்றுதான்.

அப்பா கனடாவிலிருந்து திரும்பி வந்துவிட்டதாக ஊருக்கு அறிவித்தோம். "கனடா உங்களுக்கு ஒத்துவரேல்லைப் போல, நல்லா மெலிஞ்சிட்டீங்கள்," என்று சேலைக்கார அன்ரி துக்கப்பட்டார். மருத்துவர், இப்போதைக்கு எல்லாம் சுத்தம், இடையிடையே படம் எடுத்துப் பார்ப்போம் என்றார்.

அடுத்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரி இல்லை. ஆனாலும் அப்பா கருக்கலிலேயே குளித்து வெளிக்கிட்டுச் சப்பாத்தோடு நின்றார். நான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஹோர்சன்ஸுக்குக் காரை விட்டேன். மாமா சோபாவில் தலையணைக்கு மேல் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். குரல் மெலிந்துவிட்டிருந்தது. அப்பா அவருக்குப் பக்கத்தில், முழங்கால் முட்ட உட்கார்ந்தார். பெரியம்மா மகன் கதை எதுவும் சொல்லவில்லை. மாமி இருவருக்கும் தட்டில் சோறும் சொதியும் போட்டுக் கொண்டுவந்தார். மாமா தன் தட்டை மெல்லத் தள்ளிவைத்தார்.

"எனக்கு ஏலாது ஐசே. நீர் சாப்பிடும். நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

அப்பாவுக்கு நாக்கு இன்னும் சரிவரவில்லை. அந்தச் சோறு அவருக்கு வாய்க்குள் மண்ணாகத்தான் இருந்திருக்கும், எனக்குத் தெரியும். மாமா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பிசைந்து, ஒவ்வொரு வாயாக, ஒரு பருக்கை மிச்சம் விடாமல் சாப்பிட்டு முடித்தார். பிறகு தட்டை மாமியிடம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடுங்கோ," என்றார்.